இடம் மாறிய ஒரே புள்ளி: பர்னார்டு விண்மீனைப் பார்த்த மூவர் புனைபெயரில் எழுதிய அனுபவங்கள்

மொட்டைமாடி வானம்:
2009 ஜூனில் ஆறு அங்குலத் தொலைநோக்கியில் பார்த்து வரைந்த தாளை 2023 ஜூனில் மறுபடியும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். சுற்றியிருந்த விண்மீன்கள் எல்லாம் தாளில் இருந்தபடியே பொருந்தின. பர்னார்டு விண்மீனான அந்த ஒரு புள்ளி மட்டும் வடக்கே தள்ளியிருந்தது. அது ஆண்டுக்கு 10.3 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு) நகர்வதை அமெரிக்க வானியலாளர் எட்வர்ட் எமர்சன் பர்னார்டு 1916இல் கண்டறிந்தார் என்று பலமுறை படித்திருந்தும், என் பென்சில் குறி தவறிப்போனதைக் கண்ட அந்த நொடியில் கை நடுங்கிவிட்டது.

தென்றல்வாசி:
எனக்குக் கிடைத்தது ஏமாற்றமே. செங்குறுமீன் (சிறிய, வெப்பம் குறைந்த, சிவந்த விண்மீன்) என்பதால் செவ்வாயைப் போலச் சிவந்திருக்கும் என்று நம்பி, தூங்கிக்கொண்டிருந்த பத்து வயது மகளை எழுப்பித் தொலைநோக்கியில் காட்டினேன். “பக்கத்து வீட்டு விளக்கு இவ்வளவு மங்கலாகவா இருக்கும், அப்பா?” என்று கேட்டாள். ஆல்பா சென்டாரியின் மூன்று விண்மீன்களுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகில், ஏறத்தாழ 6 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பது ஏன் வெறுங்கண்ணுக்கே தெரிவதில்லை என்று அவளுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

கார்த்திகை ஆறு:
2024 அக்டோபரில், 3.15 நாளுக்கு ஒருமுறை அதைச் சுற்றிவரும் கோளைப் பற்றிய செய்தி வந்த மாலையில் மேற்கு வானில் அதைத் தேடிப் பார்த்தேன். நெடுநேரம் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஆனால் தென்றல்வாசி ஏமாற்றம் என்று சொல்வதை ஏற்க இயலவில்லை. அதன் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 3,200 கெல்வின். பழைய குண்டு பல்பின் இழையைவிடச் சற்றே அதிகம். ஆகவே அதன் உண்மை நிறமே செம்மஞ்சள்தான். பொலிவெண் (கூடக்கூட மங்கலைக் குறிக்கும் எண்) 9.5 என்ற அளவுக்கு மங்கிய ஒளியில் நம் கண் நிறத்தைப் பிரித்தறியாது. சூரியனின் நிறையில் 16 விழுக்காடும் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே உள்ள அது, ஹைட்ரஜனை மிக மெதுவாக எரிக்கிறது; வெளிவரும் ஆற்றலிலும் பெரும்பகுதி நமக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகப் போய்விடுகிறது. அந்தச் சிக்கனத்தால்தான் சூரியனைவிட மூத்ததாகக் கருதப்படும் அது இன்னும் பல்லாயிரம் கோடி ஆண்டுகள் எரியக்கூடியது. மகளிடம் இதைச் சொல்லுங்கள்.

அடுத்த ஜூனில், ஓபியுக்கஸ் என்ற விண்மீன் கூட்டத்தில் 66 ஓபியுக்கி என்ற விண்மீனுக்குச் சற்று மேற்கே தேடுங்கள். மொட்டைமாடி வானம் செய்ததுபோல் அவளை வரையச் சொல்லி, தாளில் தேதியிட்டு வையுங்கள். பத்து ஆண்டுகளில் அது நூறு வில்நொடிக்கு மேல் நகர்ந்திருக்கும். அதை அவளே அளந்து பார்க்கலாம்.