ஆகஸ்ட்டில் ஹப்புத்தளையிலிருந்து பாசிக்குடா: வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நான் பண்டாரவளை. ஆகஸ்ட்டில் கனடாவிலிருந்து அக்கா குடும்பம் வருகிறது. பிள்ளைகள் மலையகத்தைப் பார்த்ததே இல்லை. அம்மாவுக்கு மூட்டு வலி, படி ஏற முடியாது. மலையும் கடலும் சேர்த்து ஒரு பயணம் போட வேண்டும்.

அந்த மாதத்தில் ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழை. எங்கள் ஊவா மாகாணத்தில் காய்ந்த காற்று அடிக்கும். ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம் ஏறுவதே அந்தக் காற்றில்தான். கிழக்குக் கரைக்கும் அதுதான் நல்ல பருவம்.

ஹப்புத்தளைக்குப் பக்கத்திலுள்ள தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலையைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டும். 1890இல் தோமஸ் லிப்டன் கட்டியது. கொழுந்து வாட்டும் மாடியில் கொஞ்ச நேரம் நின்றாலே பச்சை வாசம் சட்டையில் ஏறிவிடும். எங்கள் அம்மம்மா கொழுந்து பறித்ததும் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில்தான். அங்கிருந்து லிப்டன் சீட் என்ற மலை உச்சிக் காட்சி முனைக்கு ஆட்டோவில் போகலாம் என்று இருக்கிறோம். இறங்கிய பிறகு அம்மா எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும்? மூடுபனி ஏறுமுன் பார்க்க எத்தனை மணிக்குக் கிளம்புவது நல்லது?

கிழக்குக் கரையில் அறுகம்குடா அலைச்சறுக்குக்காரர்களுக்குச் சரி. எங்களுக்குப் பாசிக்குடாதான், கடல் ஆழமில்லை, அம்மாவும் இறங்கலாம். பதுளை, பிபிலை, மகாஓயா, செங்கலடி வழியாக வேனில் போக நினைக்கிறோம். அண்மையில் அந்த ரோட்டில் போனவர்கள் இருக்கிறீர்களா? இடையில் சுத்தமான கழிப்பறையோடு சாப்பாட்டுக் கடை எங்கே இருக்கிறது?

அப்புறம், பாசிக்குடாவில் கீழ்த்தளத்து அறை கிடைக்கும், விலை கட்டுப்படியான தங்குமிடம் தெரிந்தால் பெயரைப் போடுங்கள்.