சனிக்கிழமை இரவும் ஞாயிறு டைவும்: உடம்பைப் பற்றிச் சில அனுபவங்கள்

அடையாறு டைவர்

சென்னையிலிருந்து கடலுக்கடியில் ஸ்கூபா டைவ் போகிறவர்களுக்குச் சனிக்கிழமை இரவுதான் பெரிய சோதனை. ஈசிஆரில் மூன்று மணி நேரம் ஓட்டினால் புதுச்சேரி. அங்கே சரக்கு விலையும் குறைவு. நாலு பேர் ஒரே அறையில் தங்கினால் அந்த மாலை எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். மறுநாள் காலை ஏழு மணிக்குப் படகு.

போன சீசனில் எனக்கு ஜோடியாக வந்தவர் நல்ல ஜிம் உடம்புக்காரர். படகு அலையைத் தாண்டும்போதே முகம் வெளுத்திருந்தது. தூக்கம் போதவில்லை என்றார். 18 மீட்டர் ஆழத்தில், சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் என் மானி 130 பார் காட்டியபோது அவருடையது 80. நான் கை காட்டினால் பதில் வர இரண்டு மூன்று விநாடி ஆனது. சரிப்படாது என்று கட்டைவிரலை உயர்த்தி மேலே கிளம்பச் சொன்னேன். 5 மீட்டரில் பாதுகாப்புக்காக நிற்கிற அந்த 3 நிமிடத்துக்குள், வாயில் கடித்து மூச்சு விடுகிற ரெகுலேட்டருக்குள்ளேயே வாந்தி எடுத்துவிட்டார். அந்த நேரத்தில் கை தானாக ரெகுலேட்டரைப் பிடுங்கத்தான் போகும். பிடுங்கினால் அடுத்த மூச்சில் கடல்தண்ணீர்தான் உள்ளே போகும். அவர் வாயோடு சேர்த்து அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முன்னால் இருக்கும் பட்டனை அமுக்கி அமுக்கிச் சுத்தம் செய்தேன். சுற்றிலும் சின்ன மீன்கள் கூடிவிட்டன.

படகில் ஏறியதும்தான் விஷயம் வெளியே வந்தது. இரவு இரண்டு மணி வரை குடித்திருக்கிறார். தலைவலி, குமட்டல், தோளில் வலி, எழுந்து உட்கார முடியாத அசதி. ஹேங்ஓவர் என்றாலும் இதெல்லாம் வரும், பெண்ட்ஸ் (ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மேலே வரும்போது குமிழியாகித் தருகிற கோளாறு) என்றாலும் வரும். எது என்று படகில் இருந்த யாராலும் சொல்ல முடியவில்லை. பயிற்சியாளர் யோசிக்காமல் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிவிட்டு டாக்டருக்குப் போன் போட்டார். சாயங்காலத்துக்குள் அவருக்குச் சரியாகிவிட்டது. ஆனால் 'ஹேங்ஓவர்தான், தூங்கினால் போய்விடும்' என்று விட்டிருந்தால், அது நிஜமாகவே பெண்ட்ஸாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குடியை நான் இவ்வளவு கண்டிப்பாக எதிர்ப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

'நைட்டோட நைட்டா இறங்கிடும்' என்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம்மூர் விஸ்கி, பிராந்தி எல்லாம் 42.8 சதவீதம். 60 மில்லி லார்ஜ் ஒன்றில் சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். நாலு லார்ஜுக்கு எட்டு மணி நேரம் குறைந்தபட்சம். காபி, எலுமிச்சை ஜூஸ், பச்சைத்தண்ணீர்க் குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது. ரத்தத்திலிருந்து போன பிறகும் உடம்பில் நீர் வற்றித்தான் இருக்கும். ஏனென்றால் சிறுநீரைக் கட்டுப்படுத்துகிற ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடுகிறது. கடலில் இறங்கினாலே சிறுநீர் அதிகம் போகும், சிலிண்டர் காற்றும் வறண்ட காற்று. இத்தனைக்கும் நடுவில்தான் ஆழத்தில் கரைந்த நைட்ரஜனை ரத்தம் மெல்ல நுரையீரலுக்குக் கொண்டுவந்து வெளியேற்ற வேண்டும்.

என் வழக்கம் இதுதான்: வெள்ளி இரவிலிருந்து தொடுவதில்லை. டைவ் முடிந்த அன்று மாலையும் இல்லை. அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் வரலாம், அப்போது தலை தெளிவாக இருக்க வேண்டும். ஜோடியிடமும் முந்தின இரவைப் பற்றி நேராகக் கேட்டுவிடுவேன். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மயிலாப்பூர் அலை

சார், படிக்கும்போதே பதறிவிட்டது. நான் இதுவரை குடித்ததில்லை, ஆனாலும் எனக்கு வேறு விதமான எச்சரிக்கை வந்தது.

எனக்கு 48 வயது. டைவ் படிப்பில் சேரும்போது மருத்துவக் கேள்வித்தாள் கொடுப்பார்களே, அதில் 45 வயதைத் தாண்டியவரா என்று ஒரு கேள்வி உண்டு. ஆம் என்று போட்டால் ரத்த அழுத்தம், கொழுப்பு, புகை, குடும்பத்தில் மாரடைப்பு என்று அடுத்த கேள்விகள். கூட வந்த ஒருவர் 'எல்லாத்துக்கும் இல்லைன்னு போடுங்கக்கா, இல்லன்னா டாக்டர் சர்டிபிகேட் கேட்பாங்க' என்றார். நான் உள்ளதைப் போட்டுவிட்டு டாக்டரிடம் போனேன். அழுத்தம் 160க்கு 100 இருந்தது! எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். தண்ணீருக்குள் இறங்கியதும் கை கால்களில் இருக்கும் ரத்தம் நெஞ்சுக்கு நகர்கிறது, இதயத்துக்குச் சுமை கூடுகிறது. அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்குச் சில சமயம் நுரையீரலில் நீர் கோத்துவிடும். அது கரையில் வந்தாலே ஆபத்து, கடலுக்கு அடியில் சொல்லவே வேண்டாம். மாத்திரையிலும் கவனம் வேண்டுமாம். சில வகை இதயத் துடிப்பை ஏறவிடாது, சில வகை நீரை இறக்கிவிடும். அதனால் டைவ் செய்யப் போவதாகச் சொல்லித்தான் மாத்திரை வாங்க வேண்டும். டிரெட்மில் டெஸ்ட் பார்த்து, மாத்திரை ஒத்துக்கொண்டு, அழுத்தம் இறங்கிய பிறகே கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். படிப்பு சில மாதம் தள்ளிப்போனது. போகட்டும்.

சாப்பாட்டில் நான் மாற்றியது கொஞ்சம்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் அன்றாடத்திலிருந்து எடுத்துவிட்டேன். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள். டைவ் அன்று காலை மூன்று இட்லி, காரம் குறைத்த சட்னி, கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். பொங்கல் வடை எனக்கு உயிர், ஆனால் தலைகீழாக இறங்கும்போது அந்த நெய் நெஞ்செரிச்சலாக மேலே வரும். முந்தின நாள் சுண்டல், முட்டைக்கோஸ் வேண்டாம். வயிற்றில் சேர்ந்த காற்று மேலே வர வர விரியும், 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வந்தால் இரண்டு மடங்கு. வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், படகு ஆட்டத்துக்குக் குமட்டல் அதிகமாகும். இரண்டு டைவுக்கு நடுவில் எனக்கு இளநீரும் வாழைப்பழமும்.

வேளச்சேரி நீச்சல்

அக்கா சொன்னதோடு நீச்சலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'டைவுக்கு நீச்சல் எதுக்கு, மிதவை ஜாக்கெட் இருக்கே' என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். நீரோட்டத்தை எதிர்த்துப் படகுக்குத் திரும்புகிற ஐந்து நிமிடத்துக்கு ஜாக்கெட் உதவாது.

அடையாறு அண்ணன் சொன்ன 80 பார் விஷயத்துக்கு வருகிறேன். வழக்கமான அலுமினிய சிலிண்டர் 11 லிட்டர், 200 பாருக்கு நிரப்பினால் 2200 லிட்டர் காற்று. 50 பாரை மிச்சம் வைத்தால் கைக்குக் கிடைப்பது 1650. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 20 மீட்டரில் அழுத்தம் மூன்று மடங்கு என்பதால் 60 லிட்டர் இழுப்பார், 27 நிமிடத்தில் முடிந்தது. 15 லிட்டர்க்காரருக்கு அதே சிலிண்டர் 36 நிமிடம் வரும். ஒன்பது நிமிடம் கூடுதல்! பைசெப்ஸ் பெரிதாக இருப்பதால் இது கிடைக்காது. நெஞ்சும் கையும் மட்டும் வளர்த்தவர்கள் சீக்கிரம் காற்றை முடிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நிதானமான மூச்சும், இடுப்பிலிருந்து அடிக்கிற காலும்தான் வேண்டும். முட்டியை மடக்கிச் சைக்கிள் மிதிப்பவர்களுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் காலில் மாட்டியிருக்கும் ஃபின் (துடுப்பு) நுனியைப் பிடித்து முழங்காலை நீட்டி உங்கள் பக்கம் இழுங்கள், விட்டுவிடும்.

நான் செய்வது வாரத்தில் மூன்று நாள் குளத்தில் நிற்காமல் நீந்துவது, மற்ற நாட்களில் பெசன்ட் நகர் மணலில் வேக நடை, அப்புறம் மாடிப்படி. சிலிண்டர், எடைக்கல் எல்லாம் சேர்ந்தால் 20 கிலோவுக்கு மேல் முதுகில் இருக்கும். அதோடு ஆடுகிற படகில் எழுந்து நிற்கத் தொடையில் வலு வேண்டும்.

ஆனால் ஒன்று, டைவ் அன்று ஜிம் பக்கமே போகாதீர்கள். முன்னும் பின்னும் ஒரு நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம் என்றுதான் டைவிங் மருத்துவர்கள் சொல்கிறார்கள். மேலே வந்த பிறகு உடம்பில் சின்னக் குமிழிகள் இருக்கலாம், பெரும்பாலும் அவற்றை நுரையீரல் வடிகட்டிவிடும். நாலு பேரில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியிலிருந்தே மூடாத சின்னத் துளை உண்டு. மூச்சைப் பிடித்துக் கனமாக எதையாவது தூக்கினால் அந்த வழி திறந்து, குமிழி மூளைப் பக்கம் போக வாய்ப்பிருக்கிறது. டைவ் முடிந்ததும் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் ஓடுகிற பையன்களை நான் நிறுத்திவிடுவேன். கரையில் இருக்கிற இரண்டு பேர் சேர்ந்து தூக்கட்டும்.

குளத்தில் ஃபின்ஸ் போட்டுப் பழக நினைப்பவர்கள், அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்டுவிட்டுக் கட்டணம் கட்டுங்கள். எல்லாக் குளத்திலும் விடமாட்டார்கள்.