பின்னங்காலைத் தரமாட்டேன் என்கிறாள், என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. எங்கள் பெண் குதிரைக்கு 9 வயது. நாலு நாளாக மழை விடவில்லை, லாயத் தரை காயவே இல்லை. நேற்றுக் காலை இடது பின்னங்காலைத் தூக்கிச் சுத்தம் செய்தபோது குப்பென்று அழுகல் நாற்றம். குளம்பின் அடியில் மெத்தென்று முக்கோணமாக இருக்குமே, அதன் ஓரப் பள்ளத்தில் கறுப்பாகக் கூழ் மாதிரி வந்தது. குளம்பைச் சுரண்டும் கொக்கி லேசாகப் பட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

நொண்டவில்லை, குளம்பில் சூடும் இல்லை. உடம்புச் சூடு 38.1 டிகிரி செல்சியஸ், குதிரைக்கு அது சரியான அளவுதான். தீனி, தண்ணீர் எல்லாம் வழக்கம்போல. மருத்துவர் நாளை வருகிறார், மருந்தை அவர் சொல்லட்டும். லாடம் மாற்றி 7 வாரம் ஆகிவிட்டது. லாடம் அடிப்பவரை 6 வாரத்திலேயே கூப்பிட்டிருக்க வேண்டும், தள்ளிப்போட்டது என் தப்பு.

எனக்கு இப்போது வேண்டியது உங்கள் கை அனுபவம். வலிக்கு முன்பு சமர்த்தாக நின்றவள், இப்போது நான் பின்பக்கம் குனிந்தாலே காதை மடக்கிக்கொள்கிறாள். அடித்தோ அதட்டியோ தூக்க எனக்கு மனசில்லை. இப்படிப் பயந்துபோன குதிரையைத் தினமும் காலைத் தர எப்படிப் பழக்கினீர்கள்?

இன்னொன்று, மழைக்காலத்தில் படுக்கைக்கு வைக்கோலா, மரத்தூளா? நான் காலை, மாலை இரண்டு வேளையும் ஈரத்தை அள்ளுகிறேன். ராத்திரிக்குள் மறுபடி சொதசொதவென்று ஆகிவிடுகிறது.