டோக்கியோவில் ஐந்து நாள்: தெரிஞ்சவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே. வேளச்சேரியிலிருந்து எழுதுறேன். ஏப்ரல் 1ஆம் தேதி நகோயாவில் வேலைக்குச் சேரணும். அதுக்கு முன்னாடி ஐந்து நாள் டோக்கியோவைச் சுத்திப் பார்க்கலாம்னு மார்ச் கடைசியில் கிளம்புறேன். செர்ரி பூக்கிற நேரம்னு சந்தோஷப்பட்டேன். ரூம் வாடகையைப் பார்த்ததும் அது பாதியாச்சு.

இதுவரை படிச்சதில் புரிஞ்சது: யாமனோத்தே லைன் 30 ஸ்டேஷனோட வட்டமா ஓடுது, ஒரு சுத்துக்கு சுமார் ஒரு மணி நேரம். நம்ம பீச்–தாம்பரம் மாதிரி கடைசி ஸ்டேஷன் கிடையாது, தூங்கிட்டாலும் ஏறின இடத்துக்கே வந்துடலாம்! ஷின்ஜுகுவில் மாநகர அரசுக் கட்டடத்தின் 45ஆவது மாடியிலிருந்து ஊரை இலவசமாவே பார்க்கலாம். உவேனோ பூங்கா, அசகுசா சென்சோஜி கோயிலும் லிஸ்ட்ல இருக்கு.

பெரிய கவலை சாப்பாடுதான். நான் சுத்த சைவம். வெறும் காய்கறி சூப்பா தெரிஞ்சாலும் பெரும்பாலும் அதில் 'தாஷி'ங்கிற மீன் சாறு கலந்திருக்குமாம். அம்மா புளிக்காய்ச்சல் பாட்டிலை இப்பவே எடுத்து வச்சாச்சு. பிசைய சோறு வேணுமே?

நிஷி-கசாய் பக்கம் இந்தியர்கள் நிறைய இருக்காங்க, அதனால சாப்பாட்டுக்குக் கஷ்டமில்ல. ஆனா தினமும் சுத்த அங்கே தங்குறது வசதியா, இல்ல உவேனோவே மேலா? ரெண்டு பெரிய பெட்டியோட ரயில் ஏற முடியுமா, இல்ல ஒண்ணை ஏர்போர்ட்டிலிருந்தே நகோயாவுக்கு கூரியர்ல அனுப்பிடலாமா? அங்கே இருக்கிற அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்க. இந்த வாரத்துக்குள்ள ரூம் போடணும்.