கி.பி. 1000 ஐஸ்லாந்து கேம்பெய்ன்: வொல்வா கேரக்டரை எப்படி அமைப்பது?

பனிக்காற்று (கேள்வி)

கி.பி. 998-இல் ஐஸ்லாந்தில் தொடங்கும் கேம்பெய்ன் (பல அமர்வுகளாக நீளும் தொடர்கதை விளையாட்டு). நான்கு பிளேயர்கள், பகடை உருட்டிக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு. ஒருவர் சூனியக்காரி கேரக்டர் கேட்கிறார். வார்லாக் (மந்திரவாதி) கிளாஸை எடுத்துப் பெயரை மட்டும் வொல்வா (அக்கால ஸ்காண்டிநேவியக் குறிசொல்லி) என்று மாற்றினால், கையிலிருந்து ஒளிக்கற்றை வீசுகிற பெண்தான் மிஞ்சுகிறாள். அந்தக் காலத்து மந்திரம் விளையாட்டில் எப்படி நடக்க வேண்டும்? குறி சொல்ல விட்டால் என் கதை கட்டிப்போடப்படாதா? கிறித்தவம் வந்ததும் அவளை எரித்துவிடுவார்களா? மேஜைக்கு ரூன் (பழைய ஸ்காண்டிநேவிய எழுத்து) பொறித்த கற்கள் வாங்கலாம் என்றும் இருக்கிறேன்.

வடகடல்

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள். சூனியக்காரி என்பது ஒருத்தி மேல் ஊர் போடுகிற பழி. வொல்வாவையோ ஊரே ஆளனுப்பி அழைத்தது. பழைய நார்ஸில் (அக்கால ஸ்காண்டிநேவிய மொழி) 'வொல்ர்' என்றால் கோல், வொல்வா கோலேந்தியவள். குறவஞ்சியில் மாத்திரைக்கோலோடு வரும் குறத்தியைச் சொன்னால் உங்கள் பிளேயர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

அவள் நடத்தும் சடங்கு 'செய்த்ர்'. அதைப் பற்றிய விரிவான வர்ணனை, செம்பட்டை எய்ரிக்கின் சாகாவில் (சாகா என்பது பழைய ஐஸ்லாந்து உரைநடைக் கதை) தோர்பியோர்க் என்னும் வொல்வா கிரீன்லாந்துப் பண்ணைக்கு வரும் காட்சி. எழுதப்பட்டது 13-ஆம் நூற்றாண்டில், கிறித்தவர்கள் கையால். அதனால் ஒவ்வொரு பொருளையும் சாட்சியமாக எடுக்காதீர்கள். காட்சியின் கட்டுமானத்தை எடுங்கள். பஞ்சமும் நோயும் நிலவும் குளிர்காலம். பண்ணைக்காரர் அவளை அழைக்கிறார். கோழியிறகு மெத்தை போட்ட உயர்ந்த இருக்கை. கல் பதித்த நீல மேலாடை, வெள்ளைப் பூனைத்தோல் உள்வைத்த கருப்பு ஆட்டுத்தோல் முக்காடு, பித்தளைக் குமிழ் வைத்த கோல். சாப்பாடு ஆட்டுப்பாலில் கஞ்சி, அங்கே கிடைத்த எல்லா விலங்குகளின் இதயங்களும். அன்றிரவு அவள் குறி சொல்வதில்லை, தூங்கிவிடுகிறாள். மறுநாள் மாலைதான் சடங்கு. அதற்கு ஆவிகளை அழைக்கும் 'வர்த்லொக்குர்' பாட்டுத் தெரிந்த பெண் வேண்டும். பண்ணையில் அது தெரிந்தவள் குத்ரித் ஒருத்திதான், அவளோ கிறித்தவள். தயங்குகிறாள், பண்ணைக்காரர் வற்புறுத்திய பிறகு பாடுகிறாள். பெண்கள் சுற்றி வளையமாக நிற்க, அதுவரை விலகியிருந்த ஆவிகள் வருகின்றன.

மந்திரம் இங்கே அவளிடம் மட்டும் இல்லை. அழைத்த வீடு, கொடுத்த மரியாதை, பாடுகிற பெண் எல்லாம் சேர்ந்தால்தான் நடக்கிறது. ஸ்பெல் ஸ்லாட்டில் (இத்தனை முறை மந்திரம் போடலாம் என்ற விளையாட்டு விதி) இது கெட்டுப்போவதும் இதனால்தான்: ஸ்லாட் இருந்தால் ஆளில்லாத குகையில்கூட அவளால் குறி கேட்க முடியும், அந்தப் பண்ணை வீட்டுக்கு அவள் போகவே வேண்டியதில்லை.

இன்னொன்று, டென்மார்க்கில் ஃபுர்காட் கல்லறை. 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. வண்டிப் பெட்டியில் வைத்துப் புதைக்கப்பட்ட பெண். கூடவே ஓர் உலோகக் கோல், ஒரு பையில் குரோசாணி ஓம விதைகள், கால்விரலில் வெள்ளி மெட்டிகள். மெட்டி ஸ்காண்டிநேவியாவில் காணாத நகை. கேரக்டருக்குத் தூரதேசத் தொடர்பு கொடுக்க இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. விதையை நெருப்பில் போட்டுப் புகையிழுப்பதாகக் காட்டினால் அதன் விலையையும் காட்டுங்கள். அது விஷம்: வாய் வறளும், கண்பாவை விரிந்து பார்வை மங்கும், நெஞ்சு படபடக்கும், புத்தி தடுமாறும். மறுநாள் முழுக்கப் பார்வை சார்ந்த எல்லா ரோலுக்கும் டிஸட்வான்டேஜ் (இருமுறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது).

பகடைக்கணக்கு

வடகடல் சொன்னதை ரூலா மாத்தணும்னா இப்படிப் பண்ணுங்க. செய்த்ருக்கு மட்டும் டி20-ஐ (20 முகப் பகடை) ஓரமா வெச்சுட்டு 2டி6 (ரெண்டு ஆறுமுகப் பகடை) உருட்டுங்க. மூணு விஷயத்துக்குத் தலா +1: வீட்டுக்காரர் முறையா அழைச்சு இருக்கையும் சாப்பாடும் கொடுத்து ஒரு ராத்திரி தங்க வெச்சாரா, கோல் கையில இருக்கா, பாட்டுத் தெரிஞ்ச பெண் கிடைச்சாளா.

10 இல்ல அதுக்கு மேல வந்தா மூணு கேள்வி. 7 முதல் 9 வரை ஒரு கேள்வி, கூடவே ஆவிகள் கேக்குற ஒரு விலை. 6 இல்ல அதுக்குக் கீழ வந்தா ஆவிகள் வந்துடுச்சு, ஆனா இவ கூப்பிட்டது வரல.

மூணும் இல்லாம உருட்டினா 10+ வர வாய்ப்பு 36-ல 6, தோல்வி 36-ல 15. மூணும் இருந்தா 10+ 36-ல 21, தோல்வி 36-ல 3 தான். இந்த வித்தியாசம் பெருசா இருக்கணும். அப்பதான் பிளேயர்கள் பாட்டுக்காரியைத் தேடிப் பனியில அலைவாங்க, அதுவே ஒரு முழு செஷன். பாட வேண்டியவ கிறித்தவளா இருந்தா பெர்சுவேஷன் ரோல்ல முடிச்சுடாதீங்க, நடிச்சுப் பேச விடுங்க.

எத்தனை தடவை? பழைய ஐஸ்லாந்துக் கணக்குல வருஷம்னா குளிர், கோடைன்னு ரெண்டே பாதி. பாதிக்கு ஒரு தடவை. அதுக்கு மேல விட்டீங்கன்னா கூகுள்ல தேடுற மாதிரி ஆயிடும்.

குறி கதையைக் கட்டிப்போடும்ங்கிற பயம் சரிதான். ஜிஎம் (கதையை நடத்துறவர்) பண்ற தப்பு, பிளேயர் என்ன செய்வார்னு குறி சொல்றது. "நீ உன் அண்ணனைக் கொல்வாய்"னு சொன்னா, அந்த பிளேயர் அதை முறிக்கிறதே வேலையா இருப்பார். வெளியிலிருந்து வரப்போறதை மட்டும் சொல்லுங்க: நோய், கப்பல், பஞ்சம், ஒரு விருந்தாளி. தோர்பியோர்க்கும் பஞ்சம் வசந்தத்தோட முடியும்னுதான் சொல்றா. ஒவ்வொரு பதிலையும் ஒரு அட்டையில ஒரே வாக்கியமா எழுதி மேஜையில வைங்க. அது நடக்குற அன்னைக்கு அட்டையைத் திருப்புங்க. அதை எப்படிச் சந்திக்கிறதுங்கிறது அவங்க கையில.

சட்டப்பாறை

எரிப்பதைப் பற்றி. ஐஸ்லாந்தில் மந்திரக் குற்றத்துக்காக எரித்தது 17-ஆம் நூற்றாண்டில்; முதல் எரிப்பு 1625. ஏறத்தாழ 20 பேர், அவர்களில் பெண் ஒரே ஒருத்தி. உங்கள் கதைக்கும் அதற்கும் 600 ஆண்டு இடைவெளி.

உங்கள் காலத்தில் நடந்தது வேறு, நாடகத்துக்கு அதுவே மேல். 999 அல்லது 1000 கோடையில் திங்வெல்லிர் சட்டமன்றத்தில் கிறித்தவர், பழைய மதத்தவர் ஆகிய இரு தரப்பும் பிரியும் நிலைக்கு வந்தன. சட்டம் உரைப்பவர் தோர்கெய்ர் பழைய மதத்தவர். ஒரு பகலும் இரவும் போர்வைக்குள் கிடந்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்: எல்லோரும் ஞானஸ்நானம் பெற வேண்டும். குதிரை இறைச்சிக்குத் தடையில்லை. ரகசியமாகப் பலி கொடுக்கலாம். ஆனால் அதற்குச் சாட்சி கிடைத்தால் மூன்றாண்டு நாடுகடத்தல். இந்தச் சலுகைகளும் சில ஆண்டுகளில் எடுக்கப்பட்டன.

இதில் 'சாட்சி' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். பகடைக்கணக்கு சொன்ன சடங்குக்கு ஒரு வீடே கூட வேண்டும். தீர்ப்புக்கு முன் அந்தக் கூட்டம்தான் அவள் பலம். அதன்பின் அதில் ஒவ்வொருவரும் சாட்சியாக மாறக்கூடியவர். 1000-க்குப் பிறகு சடங்கில் இருந்த ஆட்களை எண்ணுங்கள். ஐந்து பேருக்கு மேலிருந்தால் டி6 உருட்டி, 1 வந்தால் யாரோ வெளியே பேசிவிட்டார்.

ஆண் பிளேயர் கேரக்டரும் செய்த்ர் கற்க விரும்பினால் தடுக்க வேண்டாம். ஆனால் ஆண் அதைச் செய்வது 'எர்கி', ஆண்மைக்கு இழுக்கு. அதைச் சொல்லி ஏசினாலே கொலை விழும்.

ரூன் கற்கள்: கடையில் கிடைக்கும் 24 எழுத்துத் தொகுப்பை வாங்காதீர்கள். 1000-இல் வழக்கிலிருந்தது 16 எழுத்து. பச்சை குத்திக்கொள்கிறார்களே அந்த வெக்விசிர் சின்னம், அது 1860-இல் தொகுத்த கையெழுத்துப் பிரதியில் இருப்பது. அதையும் வரைபடத்தில் போடாதீர்கள்.

பனிக்காற்று

சடங்கு பாதி ஆண்டுக்கு ஒன்று என்றால், மற்ற செஷன்களில் அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதானா? சண்டையில் என்ன செய்வாள்?

வடகடல்

சண்டைக்கு ஈட்டியும் கத்தியும் போதும், மந்திரம் வேண்டாம். சண்டைக்கு வெளியே ரூன்களைக் கொடுங்கள். எகில் சாகாவில் ஒரு பெண் நோயில் கிடக்கிறாள். படுக்கையில் தேடினால் ரூன் செதுக்கிய திமிங்கில எலும்பு. அவளை மயக்க நினைத்த இளைஞன் தெரியாமல் தப்பாகச் செதுக்கி வைத்தது. கதைநாயகர் எகில் அதைச் சுரண்டி, சுரண்டியதை நெருப்பில் போட்டுவிட்டு, புதிதாகச் செதுக்கித் தலையணைக்கடியில் வைக்கிறார்.

இதை அப்படியே நான்கு படியாக வையுங்கள்: பழையதைக் கண்டுபிடிக்க இன்வெஸ்டிகேஷன் (துப்பறியும் திறன்), படிக்க ஆர்கானா (மந்திர அறிவு), சுரண்டி எரிக்க ஒரு மணி நேரம், செதுக்க டிசி 15 (ரோலில் 15 அல்லது அதற்கு மேல் வர வேண்டும்). 10-க்குக் கீழே போனால் புதிய ரூனும் தப்பு, நோய் ஒரு படி ஏறும். அது பிளேயருக்கு உடனே தெரியக்கூடாது. அதனால் செதுக்கும் ரோலை மட்டும் நீங்கள் திரைக்குப் பின்னால் உருட்டுங்கள்.