புதுப்பிப்பு: ஹெபடைட்டிஸ் பி உள்ள அப்பாவுக்குக் கல்லீரல் கொழுப்பு, பயாப்ஸி இல்லாமலே அளந்தாயிற்று

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ள அப்பாவின் கல்லீரல் கொழுப்பை ஊசி குத்திச் சதைத் துணுக்கு எடுக்காமல் (அதுதான் பயாப்ஸி) அளக்க வழி கேட்டிருந்தேன். "ஃபைப்ரோஸ்கேன் எடுக்கும்போதே கேப் அளவும் கேளுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. ஃபைப்ரோஸ்கேன் என்பது கல்லீரலின் விறைப்பை வெளியிலிருந்தே அளக்கும் ஸ்கேன்; கேப் என்பது அதிலேயே கிடைக்கும் கொழுப்பு அளவு.

மூன்று மணி நேரம் வெறும் வயிறு. வலது கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுத்தார். விலா எலும்புகளுக்கு நடுவே லேசாகத் தட்டுவதுபோல இருந்ததாம், வலி இல்லை. கேப் 298, 275ஐத் தாண்டினாலே கொழுப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். கல்லீரலில் தழும்பு எவ்வளவு என்று காட்டும் விறைப்பு 5.8 கிலோபாஸ்கல்தான், அப்பாடா!

எதிர்பாராதது: அப்பா பருமன் என்பதால் வழக்கமான ப்ரோபில் (உடம்பில் வைத்து அளக்கும் கருவிமுனை) அளவு சரியாக விழவில்லை, பருமனானவர்களுக்கான எக்ஸ்எல் ப்ரோப் மாற்ற வேண்டியிருந்தது. அது இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிட்டுப் போங்கள். அப்புறம், ஏஎல்டி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்த அளவு) எகிறியிருக்கும் சமயத்தில் விறைப்பு கூடுதலாகக் காட்டும். அதனால் டாக்டர் முதலில் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார்.