முதுகில் கீறிய எழுத்து: கிங்ஸ்டனுக்கு யுங் பொருந்துவாரா?

அடிக்குறிப்பு:
'இரு பண்பாட்டு இலக்கியத்துக்கு யுங் தரும் சாவி' என்று நிழல்மான் நேற்று ஏற்றிய கட்டுரையைப் படித்தேன். எல்லா மனிதருக்கும் பொதுவான 'கூட்டு நனவிலி'யில் தொல்படிமங்கள் (ஆதி வடிவங்கள்) உறைகின்றன என்ற சுவிஸ் உளவியலாளர் யுங்கை வைத்து, நாயகன், நிழல் (நாம் ஏற்க மறுக்கும் நம் பக்கம்), பேரன்னை, முகமூடி (ஊருக்குக் காட்டும் முகம்) என்று நாலு பெட்டி செய்து புலம்பெயர் எழுத்து மொத்தத்தையும் அதில் அடைத்திருக்கிறார். அடைக்கட்டும். ஒரே ஒரு வரியை மட்டும் விட முடியவில்லை. சீன அமெரிக்க எழுத்தாளர் மாக்ஸின் ஹாங் கிங்ஸ்டனின் 'தி வுமன் வாரியர்' (1976) நூலில், போருக்குப் புறப்படும் ஃபா மு லானின் (சீனப் பழங்கதை வீராங்கனை முலானின்) முதுகில் பெற்றோர் பழிதீர்க்க வேண்டிய பெயர்களையும் குறைகளையும் கத்தியால் கீறுகிறார்கள். அது "எங்கிருந்தும் எடுக்கப்படாமல் கூட்டு நனவிலியிலிருந்து தானாக மேலெழுந்த காயம்" என்கிறது கட்டுரை.

எடுக்கப்படாததா? அது யுவே ஃபேயின் முதுகு ஐயா! தென் சோங் அரசின் தளபதி, 1142இல் சிறையில் கொல்லப்பட்டவர். நாட்டுக்கு முழு விசுவாசம் என்று பொருள்படும் நான்கு எழுத்துகளை அவர் தாய் முதுகில் குத்திய கதை சீனாவில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பழைய முலான் பாட்டில் முதுகும் கிடையாது, கத்தியும் கிடையாது. தறியில் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறாள். சந்தையில் குதிரை, சேணம், கடிவாளம், சாட்டை வாங்குகிறாள். அப்பாவுக்குப் பதிலாகப் போகிறாள். பன்னிரண்டு ஆண்டு கழித்து, பதவி வேண்டாம் என்று வீட்டுக்கு வருகிறாள். முடிந்தது.

நிழல்மான்:
வணக்கம் அடிக்குறிப்பு. ஆறாயிரம் சொல் கட்டுரையில் உங்களுக்கு ஒரு வரிதான் கண்ணில் பட்டது என்பதில் வியப்பில்லை.

அந்த அத்தியாயத்தை முழுசாகப் பாருங்கள். ஏழு வயதுப் பெண் ஒரு பறவையைப் பின்தொடர்ந்து மலை ஏறுகிறாள். கிழவனும் கிழவியும் பதினைந்து ஆண்டு பயிற்சி தருகிறார்கள். பசித்தவளுக்கு உணவாக வெள்ளை முயல் தானே தீயில் குதிக்கிறது. ஊர் திரும்பியதும் முதுகில் காயம், பிறகு போர். அழைப்பு, ஞானக் கிழவர், பலி, சடங்குக் காயம் என்ற வரிசை தற்செயலா? யுவே ஃபேயின் முதுகும் அதே தொல்படிமத்தின் இன்னொரு தோற்றம்தான். மரத்தில் தொங்கிய வட ஐரோப்பியப் புராணக் கடவுள் ஓடினின் ஈட்டிக் காயமும் அதுதான். கிங்ஸ்டன் அங்கிருந்து எடுத்தார் என்பதால் என் வாதம் எப்படி விழும்?

அடிக்குறிப்பு:
அருமை. எடுக்காவிட்டால் தொல்படிமம், எடுத்தாலும் தொல்படிமம். தோற்கவே முடியாத ஆட்டம். நேற்று "எங்கிருந்தும் எடுக்கப்படாமல்" என்று எழுதியவர் இன்று "எடுத்தால் என்ன" என்கிறார்.

யுங்குக்கே இந்த ஆட்டம் ஒத்துவரவில்லை. சூரியனுக்கு ஆண்குறி இருக்கிறது, காற்று அதிலிருந்துதான் வருகிறது என்று சூரிச் மனநல மருத்துவமனை நோயாளி ஒருவர் சொன்னதை அவர் திரும்பத் திரும்ப எழுதினார். ஏன்? சூரியனிலிருந்து தொங்கும் குழாயாக அதே படிமம் பழைய மித்ரா வழிபாட்டு நூலில் இருந்தது. நோயாளி சொன்னது 1906 வாக்கில், நூல் அச்சானது 1910இல், ஆகவே அவர் படித்திருக்க வழியில்லை என்பதுதான் வாதத்தின் அச்சாணி. 1910 இரண்டாம் பதிப்பு, முதற்பதிப்பு 1903 என்று பிறகு தெரியவந்ததும் அச்சாணி ஆடியது. கடன் வாங்கவில்லை என்று காட்டினால்தான் கூட்டு நனவிலி என்ற பேச்சுக்கே இடம்.

படிமத்தை விரித்துப் பார்க்கவும் அவர் ஒரு வரிசை வைத்திருக்கிறார். முதலில் அந்த மனிதரின் சொந்தத் தொடர்புகள், அடுத்து அவர் வளர்ந்த பண்பாட்டின் கதைகள், கடைசியில்தான் பிற நாட்டுப் புராணம். நீங்கள் நேரே மூன்றாவதுக்குத் தாவிவிட்டீர்கள். ஓடின் வரை போனவருக்கு, யுவே ஃபேயின் கல்லறை இருக்கும் ஹாங்சோ வழியாகப் போக நேரமில்லை.

கேள்வி எளிது. சீனாவோடு தொடர்பில்லாத ஓரிடத்தில், பெற்றோர், பிள்ளையின் முதுகில், எழுத்தைக் கீறிய ஓர் எடுத்துக்காட்டு. ஒன்றே ஒன்று.

கற்றுக்குட்டி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தொல்படிமம் என்பது உள்ளடக்கம் இல்லாத வடிவம், நமக்குக் கிடைப்பது பண்பாடு நிரப்பிய உருவம் மட்டுமே என்று யுங் பிரித்துச் சொல்கிறாரே. நீங்கள் இருவரும் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் வரையறுத்துக்கொண்டால் நல்லது.

கொக்கிப்புழு:
1938 தொடக்கத்தில் சென்னை வரை வந்துவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போகாத மனிதர்தானே இந்த யுங்? ரமணரைப் பார்க்கவில்லை என்று பிறகு அவரே விளக்கம் எழுதினார். கிழக்கை அறிய அவருக்கு இருந்த ஆர்வம் அவ்வளவுதான். இதில் சீனத்து முதுகுக்கு எங்கே போவார்?

நிழல்மான்:
கொக்கிப்புழு, ரமணர் பற்றிய, இந்தியவியலாளர் ஸிம்மரின் நூலுக்கு 1944இல் முன்னுரை எழுதியவரும் அதே யுங்தான். அதற்குத் தனி இழை திறங்கள்.

அடிக்குறிப்பு, எடுத்துக்காட்டுதானே? காஃப்காவின் தண்டனைத் தீவுக் கதை, 1919. இயந்திரம் கைதியின் உடலில் தண்டனையை ஊசிகளால் எழுதுகிறது. கவனியுங்கள்: முதுகில்தான் தொடங்குகிறது.

அடிக்குறிப்பு:
இயந்திரம். பெற்றோர் எங்கே?

நிழல்மான்:
காஃப்காவைப் பார்த்தா பெற்றோர் எங்கே என்று கேட்கிறீர்கள்!

மரப்பாச்சி:
சிரித்துவிட்டேன். ஆனாலும் நீங்கள் இருவரும் சண்டை போடும் விஷயத்தை ஆசிரியரே தீர்த்துவிட்டார். இந்நூலைக் கற்பிப்பதற்கென 1991இல் வந்த தொகுப்பில் கிங்ஸ்டன் எழுதுகிறார்: மரபுக் கதையில் முதுகில் எழுத்து வெட்டப்படுவது ஓர் ஆணுக்கு, அவன் ஆற்றலைப் பெண்களுக்காக எடுத்துக்கொண்டேன், கடல் கடக்கும் மக்களைப் போலப் புராணமும் மாறித்தான் ஆக வேண்டும். மூலம் தெரியாமல் குழப்பினார் என்ற பழிக்கும் இதுதான் பதில், தானாக எழுந்தது என்ற புகழுக்கும் இதுதான் பதில்.

அடிக்குறிப்பு:
நன்றி. தெரிந்தே, திட்டமிட்டு, ஓரிடத்திலிருந்து பெயர்த்து இன்னோரிடத்தில் வைத்தார். நனவிலிக்கு இதில் என்ன வேலை?

நிழல்மான்:
நன்றி மரப்பாச்சி. ஆணின் ஆற்றலைப் பெண் தனக்குள் எடுத்துக்கொள்கிறாள். அனிமஸ் (பெண் மனத்தில் உறையும் ஆண் பக்கம்) ஒருங்கிணைவுக்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டுமா? திட்டமிட்டுச் செய்தார் என்பதும் செல்லாது. கவிதை பற்றிய 1922 உரையில் யுங் சொல்வதைப் படியுங்கள்: தானே நீந்துவதாக நினைக்கும் கவிஞரையும் கண்ணுக்குத் தெரியாத நீரோட்டம் இழுத்துப் போகலாம்.

அடிக்குறிப்பு:
அதே உரையில் ஆசிரியரின் நோக்கத்திலிருந்தே பிறக்கும் படைப்புகள் உண்டென்று தனி வகை பிரித்திருக்கிறார். அந்தப் பத்தியை ஏன் விட்டீர்கள்? கேம்பெல் இழையிலும் இதே வேலைதான். 1949 நூலில் புராண நாயகனின் பயணத்துக்குக் கேம்பெல் தந்தது 17 கட்டங்கள். நீங்கள் 12 என்று எழுதினீர்கள். அது திரைக்கதைக்காரர்களுக்காக வோக்லர் சுருக்கிய கணக்கு. இன்றுவரை திருத்தவில்லை.

நிழல்மான்:
வந்துவிட்டதா கேம்பெல் இழை! மூன்று பிரிவும் அதேதான்: புறப்பாடு, தீட்சை, திரும்பல். 12 என்றாலும் 17 என்றாலும் கதை ஒன்றே.

அடிக்குறிப்பு:
திரும்பல் என்றீர்களே, அங்கேதான் கட்டுரை உடைகிறது. அந்த அத்தியாயத்தின் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். வீராங்கனை ஊர் திரும்பி மாமியார் காலில் விழுந்த உடனே பக்கம் கலிபோர்னியாவுக்குத் தாவுகிறது. அங்கே பெற்றோரின் சலவைக்கடையை நகரப் புதுப்பிப்புக்காரர்கள் இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கியிருக்கிறார்கள். ஓவியப் பொருள் விற்கும் இடத்து முதலாளி ஒரு நிறத்துக்கு இனவெறிப் பெயர் வைத்துப் பேச, இவள் எதிர்ப்பது சத்தமே வராத குரலில். வெட்ட வாளும் இல்லை, எதிரி யார் என்ற தெளிவும் இல்லை. வீராங்கனைக்கும் தனக்கும் பொது என்று கதைசொல்லி சொல்வது ஒன்றைத்தான்: முதுகில் இருக்கும் சொற்கள். இனத்தைச் சொல்லி இழிவுபடுத்திய சொற்கள் தோல் கொள்ளாத அளவுக்கு இருக்கின்றன என்கிறாள். நாயகப் பயணத்தில் வீரன் வரத்தோடு தன் ஊருக்குத் திரும்ப வேண்டும். இவளுக்கு எந்த ஊர்? பார்க்காத சீனக் கிராமமா, இடித்த கடையா?

யுங்கை வைத்து இரு பண்பாட்டு எழுத்தைப் படிப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இது. புராணப் பக்கத்தை வெட்டி எடுத்துப் பெட்டியில் போடுவார்கள். கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரப் பக்கத்தைச் சமூகவியல் என்று ஒதுக்குவார்கள். இந்த நூலோ இரண்டையும் ஒட்டிய தையலில்தான் உயிரோடு இருக்கிறது.

தெற்குவாசல்:
யாருமே சீன அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் சின் பெயரை எடுக்கவில்லையே? 'தி பிக் அயியீ!' தொகுப்பு, 1991. முலான் முதுகில் பச்சை குத்தியது போலி, வெள்ளையர் ரசனைக்காகச் செய்தது என்று அவர் எழுதி எத்தனை ஆண்டாயிற்று. தன்வரலாறு என்ற வடிவமே கிறித்தவப் பாவமன்னிப்பிலிருந்து வந்தது என்றார். அடிக்குறிப்பு சொல்வதெல்லாம் அவருடைய எச்சில்தான்.

அடிக்குறிப்பு:
இல்லை. சின்னுக்கு மாற்றியது குற்றம். எனக்கு மாற்றியதுதான் கலை, அதை மறைப்பது குற்றம். படித்துவிட்டு வந்து திட்டுங்கள்.

மரப்பாச்சி:
சின்னுக்குப் பிடித்த 'அசல்' எல்லாம் வாளேந்திய ஆண்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் தெற்குவாசல். இந்த நூல் 1976இல் தேசிய நூல் விமர்சகர் வட்டத்தின் விருதைப் புனைவல்லாத பிரிவில் வாங்கியது அவரைப் போன்றவர்களின் எரிச்சலுக்குக் காரணம், அது நியாயமான எரிச்சல்கூட. அதற்காகப் பெண் முதுகில் எழுத்து கூடாதா?

எனக்கு முதுகைவிடக் கிணறுதான் முக்கியம். கதைசொல்லியின் பெயரில்லாத அத்தை குழந்தையோடு குதித்த குடும்பக் கிணறு. நிழல்மான் அவளை 'நிழல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அவள் கணவன் அமெரிக்காவில். ஆண்கள் கப்பலேறியதாக நூல் சொல்லும் 1924ஆம் ஆண்டில்தான் சீனப் பெண்கள் அமெரிக்காவுக்கு வருவதை இன்னும் இறுக்கிய குடியேற்றச் சட்டமும் வந்தது. கடல் கடந்து போன ஆண்கள், கூடப் போக வழியில்லாத மனைவிகள், ஊரில் பசி. இதெல்லாம் யாருடைய நனவிலி? கதைசொல்லியின் தாயுடைய சகோதரி மூன் ஆர்க்கிட் முப்பது ஆண்டு கழித்து வந்து, லாஸ் ஏஞ்சல்ஸில் வேறு மனைவியோடு வாழும் கணவனைப் பார்த்துப் புத்தி பேதலித்து மனநல விடுதியில் சாகிறாள். அவளைக் கட்டுரை 'தோற்ற முகமூடி' என்கிறது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு.

நிழல்மான்:
சட்டம் வெளியே நடப்பது. அது உள்ளே என்ன உருவம் எடுக்கிறது என்பதுதான் என் கேள்வி. அத்தைக்கு என்ன நடந்தது என்று கதைசொல்லிக்குத் தெரியாது. வன்புணர்வு என்று ஒரு கதை, ஆசை என்று இன்னொரு கதை கட்டிப் பார்க்கிறாள். நனவிலியில் எழும் உருவங்களோடு விழிப்பிலேயே உறவாடும் இதைத்தான் யுங் செயல்முனைக் கற்பனை என்றார். பள்ளிக் கழிப்பறையில் பேசாத சிறுமியின் கன்னத்தைக் கிள்ளி, முடியை இழுத்து, பேசு பேசு என்று வதைக்கிறாளே, அது யாரை? தன் நிழலையே. அதன்பிறகு பதினெட்டு மாதம் படுக்கையில் கிடக்கிறாள். இதற்குக் குடியேற்றச் சட்டத்தில் எந்தப் பிரிவு?

மரப்பாச்சி:
கழிப்பறைக் காட்சிக்கு நிழல் பொருந்தும், அதை யாரும் மறுக்கவில்லை. கிணற்றுக்கு விடை வரவில்லை.

அடிக்குறிப்பு:
கழிப்பறையும் கிணறும் இருக்கட்டும். பெற்றோர், பிள்ளையின் முதுகு, எழுத்து. மூன்றும் சேர்ந்த எடுத்துக்காட்டு இன்னும் வரவில்லை.

நிழல்மான்:
நீங்களே முதலில் ஒழுங்காகச் சொல்லுங்கள். "தாய் குத்தியது" என்றீர்கள். சோங் வரலாற்றில் தாயே கிடையாது. விசாரணையில் சட்டையைக் கிழித்து முதுகைக் காட்டினார், நான்கு எழுத்து தோலில் ஆழப் பதிந்திருந்தது என்றுதான் இருக்கிறது. குத்தியது யார் என்று ஒரு சொல் இல்லை. தாய் வருவது பல நூற்றாண்டு கழித்துச் சிங் காலத்து நாவலில். மூலம், மூலம் என்று கத்துகிறவருக்கே மூலம் தெரியவில்லை.

அடிக்குறிப்பு:
நான் "கதை" என்று எழுதினேன், வரலாறு என்று எழுதவில்லை. மேலே போய்ப் பாருங்கள். கிங்ஸ்டன் வீட்டில் சோங் வரலாறா வாசித்தார்கள்? அம்மா சொன்ன கதை, பாடிய பாட்டு, அதில் தாய் உண்டு. நீங்கள் சொன்னது எனக்குத்தான் உதவி. சோங் படையில் வீரர்களுக்கு முகத்திலும் கையிலும் பச்சை குத்துவது நடைமுறை, ஓடிப்போனால் பிடிப்பதற்காக. அரசு போட்ட முத்திரை விசுவாசச் சின்னமாகி, நாவலில் தாய்க் கைக்கு வந்து, கலிபோர்னியாவில் மகள் முதுகுக்கு ஏறியது. ஒவ்வொரு படிக்கும் காலமும் இடமும் உண்டு.

கற்றுக்குட்டி:
வடிவம், உருவம் பற்றிக் கேட்டிருந்தேன்...

தெற்குவாசல்:
சட்டை கிழித்த காட்சி யுவே ஃபே வரலாற்றில் இல்லை. அவரை விசாரித்த ஹ சூவின் வரலாற்றில்தான் வருகிறது, 380ஆம் பகுதி. நிழல்மானும் பார்க்காமல் அடித்துவிடுகிறார்.

நிழல்மான்:
யுவே ஃபே வரலாறான 365ஆம் பகுதியிலும் இருக்கிறது. நான் எந்தப் பகுதி என்று சொல்லவே இல்லையே, அதற்குள் ஏன் பாய்கிறீர்கள்?

அடிக்குறிப்பு:
இரண்டிலும் இருக்கிறது. 380இல் பழைய பச்சை என்றே சொல்லியிருக்கிறது. இருவரும் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள். நிழல்மான் வரும்போது 1922 உரையில் விட்ட பத்தியையும் எடுத்து வரட்டும்.